மிதந்து வந்த துணுக்கு

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'பிளேடு அக்கா'. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி எடுப்பது அவள் வேலை. சீவுகிற பிளேடை வேறு யாரையும் தொட விடமாட்டாள். பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் நாற்காலி தேட வேண்டியதுதான். இந்தக் காரணத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை; அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

சின்ன ஆஸ்பத்திரி. சதைத் துணுக்கைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர் அங்கே கிடையாது. முன்பெல்லாம் கண்ணாடி ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கி கூரியரில் அனுப்புவார்கள். பதில் வரப் பத்து நாளாகும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஸ்கேனர் வந்தது. ஸ்லைடை உள்ளே வைத்தால் படமெடுத்து கிளவுடில் ஏற்றிவிடும். எங்கோ வேறொரு நகரத்தில் ஒரு லேடி டாக்டர் தன் திரையில் அதைத் திறந்து பார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன்பே ஒரு சாஃப்ட்வேர் படம் முழுக்க மேய்ந்து, சந்தேகப்படும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கும்.

"இன்னைக்கு எத்தனை வயித்தை மேகத்துல ஏத்தின? பார்த்து, மழையா கொட்டிடப் போகுது" என்று அவள் வீட்டுக்காரர் தினமும் கேலி பண்ணுவார்.

அந்தத் திங்கட்கிழமை, கடைசியாக, சதை பதித்த நான்கு மெழுகுக் கட்டிகள் சீவ மீதி இருந்தன. நான்கிலும் வயிற்றிலிருந்து எடுத்த சதை. பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகள் வகுப்பில் வாந்தி எடுத்திருக்கிறாள், உடனே வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். அக்காவுக்குக் கை பரபரத்தது. சீவிய ஏடுகள் ரிப்பன் மாதிரி நீளமாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, தேவையான ஏட்டை மட்டும் ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு கட்டி முடிந்ததும், அடுத்ததைத் தொடுமுன் தண்ணீரின் மேல்பரப்பைக் காகிதத்தால் வழித்துத் துடைக்க வேண்டும். பதினெட்டு வருடமாகச் செய்கிற காரியம். அன்று அந்த நான்கு கட்டிகளுக்கு நடுவில் அவள் துடைக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் மகள் சரியாகிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் வீடியோவில் வந்தார். கண்ணாடி தலைமேல் இருந்தது. கையால் மேஜையில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு டாக்டர்."

"ஓ. அக்கா, நேத்து நீங்க வெட்டினதுல அந்த கரண்ட் ஆபீஸ் லைன்மேனோட ஸ்லைடு இருக்குல்ல, அதுல ஒரு சிவப்பு வட்டம் வந்திருக்கு. பார்த்தா எனக்கும் கேன்சர் செல் மாதிரிதான் தெரியுது. ஆனா அந்த மூலை மட்டும் மங்கலா இருக்கு. இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணி அனுப்புறீங்களா?"

"மங்கலாவா? காலையிலதான் எல்லா ஸ்லைடையும் துடைச்சேன்."

"அதான் எனக்கும் புரியல. மத்த இடமெல்லாம் பளிச்சுனு இருக்கு."

மறுபடி ஸ்கேன் செய்தாள். அதே மூலை, அதே மங்கல். ஸ்லைடை எடுத்துக்கொண்டு அறையின் கோடியில் உறை போட்டுக் கிடந்த பழைய மைக்ரோஸ்கோப் பக்கம் போனாள். லைன்மேனின் சதை தெளிவாகத் தெரிந்தது. அந்த மூலைத் துணுக்கு மட்டும் தெளிவாகத் தெரிய, திருகை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. துணுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்து வந்து ஒட்டியது.

நேற்று துடைக்காமல் விட்ட தொட்டி அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் லைன்மேனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்கொரு தரம் எழுந்து வந்து, "ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போய் உட்காருவாள்.

அக்கா யோசித்தாள். சத்தமில்லாமல் கட்டியை மறுபடி சீவி, சுத்தமான ஸ்லைடை ஏற்றி, 'முதலில் அனுப்பியதில் பசை படிந்திருந்தது' என்று சொன்னால் முடிந்தது கதை. யாருக்கும் தெரியாது. போன வாரம்தான் நிர்வாகி எல்லாரையும் கூப்பிட்டு, ஒரு தப்பு நடந்தாலும் சீவுகிற வேலையையும் பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவோம் என்று எச்சரித்திருந்தார். லைன்மேன் தப்பித்துவிடுவார். அவளும் தப்பித்துவிடுவாள்.

ஆனால் அந்தத் துணுக்கு அவருடையது இல்லையென்றால், வேறு யாரோ ஒருவருடையது.

போனை எடுத்தாள்.

"டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும். முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க."

"நீங்க பேசுறப்போ நடுவுல யாரால பேச முடிஞ்சிருக்கு?" டாக்டர் சிரித்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா நான்கே வாக்கியத்தில் பேச்சை முடித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது.

"இதுக்கு முன்னாடி துடைக்காம வெட்டினது எத்தனை?"

"மூணு. மூணும் வயிறுதான்."

"மூணுக்கும் காலையிலயே ரிப்போர்ட் போயிடுச்சு அக்கா. மூணும் நார்மல்னு நான்தான் கையெழுத்து போட்டேன்."



"சரி," என்றார் டாக்டர். "நாலு கட்டியையும் திரும்ப வெட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் தண்ணியையே மாத்திடுங்க. கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போய் அஞ்சு மட்டத்துல எடுங்க. அவசரம் வேணாம். நான் இங்கேயேதான் இருக்கேன்."

முதலில் லைன்மேனின் கட்டி. ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சீவும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினாள். ஐந்து ஸ்லைடுகளும் கிளவுடுக்குப் போயின. சிவப்பு வட்டம் ஒன்றுகூட வரவில்லை. டாக்டரும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வெறும் புண், கிருமியால் வந்தது, மாத்திரையிலேயே ஆறிவிடும். ரிப்போர்ட்டை அவள் தன் வாயால் சொல்லக் கூடாது. அதனால் ஜன்னலைத் திறந்து, "வயித்து டாக்டர் ரூமுக்குப் போங்கம்மா, கூப்பிடுறாங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தில் வந்த சிரிப்பை மறைக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

அடுத்த கட்டியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் ஒன்றுமில்லை.

கடைசிக் கட்டி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தியுடையது. முதல் இரண்டு மட்டத்தில் எதுவும் இல்லை. மூன்றாவதில், ஓரத்தில், கடுகளவு இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இதேதான். இங்கிருந்துதான் வந்திருக்கு."

"நேத்து எடுத்ததுல இதை சாஃப்ட்வேர் ஏன் காட்டல டாக்டர்?"

"நேத்து நாம அதுக்கு இதைக் காட்டலையே அக்கா."

அதுதான் நடந்திருந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் ரிப்பனில் முன்பகுதி ஏடுகள் அவள் ஸ்லைடுக்குப் போயின. நோய் இருந்த பின்பகுதி, வேண்டாதது என்று தண்ணீரிலேயே நின்று, அதில் ஒரு துணுக்கு லைன்மேனின் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டது. வழக்கப்படி துடைத்திருந்தால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

டாக்டர் திருத்திய ரிப்போர்ட்டை அன்றே எழுதினார். துணுக்கு கலந்துபோனதையும் மறைக்காமல் எழுதினார். நிர்வாகி அக்காவைக் கூப்பிட்டுக் குதித்தபோது, மேஜையிலிருந்த போனில் டாக்டர் குரல் கேட்டது: "கையெழுத்து என்னோடது சார். அவங்களைக் கேட்கிறதை என்னையும் சேர்த்துக் கேளுங்க. அவங்க வாயைத் திறக்கலைன்னா ஒரு உயிர் போயிருக்கும்." நிர்வாகி தண்ணீர் குடித்தார். அக்காவுக்கு ஒரு மெமோ கிடைத்தது. இனி வயிற்றுத் துணுக்கு எது வந்தாலும் மூன்று மட்டத்தில் எடுத்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் போட்ட புது விதியால் மூன்று மடங்கு வேலையும் கிடைத்தது. அவள் முணுமுணுக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரிக்கு மறுபடி வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்தோலைத் தாண்டாத, ஆரம்பகட்டக் கேன்சர். ஆபரேஷனில் வயிற்றில் பாதியை எடுத்தார்கள். எடுத்ததிலிருந்து முப்பத்தெட்டு மெழுகுக் கட்டிகள் வந்தன. முப்பத்தெட்டுக்கும் அக்கா தண்ணீரை மாற்றினாள். வெட்டிய ஓரங்கள் சுத்தம், வேறெங்கும் பரவவில்லை. டாக்டர் சொல்லி முடித்ததும் அக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து, சட்டை தொளதொளவென்று தொங்க ஒரு பெண் ஜன்னலில் வந்து நின்றாள். கரகரத்த குரல்.

"பிளேடு அக்கா யாரு?"

"நான்தான்."

"என் ரிப்போர்ட்டை மாத்தினது நீங்கதானாமே. நார்மல்னு கேட்டதும் சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டேன். ரெண்டே நாள்ல மறுபடி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, இல்லைன்னு சொல்லணும். எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நேர்ல வந்து உங்களை நல்லா நாலு வார்த்தை கேட்கணும்னு இருந்தேன்."

"கேளுங்கம்மா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற வழியில மறந்துபோச்சு," என்றாள். பிறகு, "கார் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"சைக்கிளே ததிங்கிணத்தோம்தான்."

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க."

போவதா வேண்டாமா என்று அக்கா மூன்று நாள் தவித்தாள். வீட்டுக்காரர்தான், "கூப்பிட்ட மனுஷிக்கு முகத்தைக் காட்டாம இருக்கிறது மரியாதையா?" என்று கிளப்பிவிட்டார்.

மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் அகலமான மைதானம். அக்கா கிளட்சை விட்டாள். கார் முயல் மாதிரி துள்ளி நின்றது. நான்கு முறை அப்படியே. ஐந்தாவது முறை மெதுவாக நகர்ந்தது. சுவரோரமாகத் திரும்பி, இன்னொரு சுவர் வரை போய், இடிக்காமல் நின்றது. அக்காவின் உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் இருந்தவள் மடியிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து, வாழைப்பழத் துண்டு ஒன்றை எடுத்தாள். இப்போதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடிகிறது. நிதானமாக மென்று விழுங்கினாள். டப்பாவை அக்காவின் பக்கம் நீட்டினாள். அக்காவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள் அவள். "சரி, கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுங்க."