சாம்பல் போர்வை மேடேறிய கதை

முட்டை அட்டையின் குழிக்குள் ஏழாவது சாம்பல் போர்வையைக் கண்டபோது பூச்சிக்காரிக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

அந்துப்பூச்சிகளை எண்ணுவது அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் பூச்சிக்காரி என்றே கூப்பிட்டார்கள், அவளுக்கும் அது பிடித்திருந்தது. சாம்பல் போர்வை என்பது கட்டைவிரல் நகம் அளவில், இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக இருக்கும் ஓர் அந்து. அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். வயதான மரங்களின் பட்டையில் படரும் சாம்பல் நிறப் பாசியைத் தவிர வேறெதையும் அதன் புழு தின்னாது. பள்ளத்துப் பழங்காட்டில் அது மண்டிக் கிடந்தது. ஆனால் ராத்திரியில் விளக்கு எரித்து அந்து பிடிக்கும் பொறிக்குள் இருந்த இந்த அட்டை வந்தது மேட்டுத் தோப்பிலிருந்து. நட்டு ஆறே வருடம் ஆன தோப்பு, மரமெல்லாம் வழவழவென்று இருந்தது.

புதுத் தோப்புக்குப் பூச்சிகள் குடிவர ஒரு வரிசை உண்டு. முதலில் புல் தின்னும் கூட்டம் வரும். நிழல் விழுந்த பிறகு இலை தின்னிகள் வரும். பாசி தின்னிகள் கடைசி. வழிதவறி ஒன்றிரண்டு வரலாம்தான். வாரா வாரம் ஏழும் எட்டுமாக வந்தால் யாரோ காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

"பாத்தீங்களா, பூச்சிங்களே வீடு மாறிடுச்சு. அப்புறம் நாம எதுக்குப் பழங்காட்டைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்று நிலையத்து டைரக்டர் உற்சாகமாக இருந்தார். பழங்காட்டின் நடுவே அகலச் சாலை போடக் கேட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பூச்சிகள் இருந்தால் வெட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். நூற்றைம்பது வருட மரங்களின் தலையெழுத்து இந்த ஏழு பூச்சிகளின் மேல் நின்றது.

விளக்குப்பொறி வைக்கிறவர் யார்? அவளுடைய தங்கை வீட்டுக்காரர். வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். ஒரு ராத்திரி பழங்காடு, மறுநாள் ராத்திரி மேட்டுத் தோப்பு என்று ஒரே பொறியை மாற்றி மாற்றி வைப்பார். பேட்டரியைத் தோளில் தூக்கி, முழங்கால் வலியோடு மேடேற வேண்டும். ஏறுகிறாரா? இல்லை, இரண்டு நாளும் பள்ளத்திலேயே வைத்துவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுக்கிறாரா?

மாப்பிள்ளை ஆயிற்றே, சட்டையைப் பிடித்துக் கேட்கவா முடியும்? ஒருநாள் பூசி மெழுகிக் கேட்டுப் பார்த்தாள்.

"மேடு ஏறுறது கஷ்டமா இருக்கா மாப்ள?"

"பழகிடுச்சு அண்ணி," என்று சிரித்தார்.

மடியில் கனமில்லாத மனுஷன் இதற்கு எதற்குச் சிரிக்க வேண்டும்? அன்றிலிருந்து அவருடைய செருப்பைப் பார்த்தாள். மேட்டுப் பாதையின் சேறு இல்லை. சாலைக்காரர்களின் ஜீப் டிரைவரோடு அவர் டீ குடித்ததைப் பார்த்தாள். பாட்டு முணுமுணுத்ததைக்கூட விடவில்லை, மனதில் குறித்துக்கொண்டாள். தங்கையின் முகம் நடுவில் வந்து வந்து போனது. அதைத் தள்ளிவிட்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் டைரக்டர் கையில் ஒரு கடிதம் கொடுத்தாள். பொறி வைப்பவர் இடத்தை மாற்றி வைக்கிறார், மேட்டுத் தோப்புக் கணக்கை நம்ப வேண்டாம் என்று அதில் இருந்தது.

"காலைல அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்," என்றார் டைரக்டர்.

அதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசு ஆறும் என்று அன்று சாயங்காலமே அவள் மேடேறினாள். அன்றைக்குப் பொறி மேட்டுத் தோப்பில் இருக்க வேண்டிய முறை. ஒளிந்துகொள்ள இடம் தேடினாள். அங்கே இருந்த எந்த மரமும் அவள் அகலத்துக்குப் போதவில்லை. கடைசியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வரக்கூடாது, வரக்கூடாது என்று காத்திருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது அவர் வந்தார். தோளில் பேட்டரி, கையில் பொறிப்பெட்டி. நொண்டி நொண்டி, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார்.

"அண்ணி? வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

"சும்மாதான் வந்தேன்."

வெட்கமாக இருந்தது. அப்படியும் சந்தேகம் விடவில்லை. ஒருவேளை பூச்சியைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருகிறாரோ? "பெட்டியைக் குடுங்க, பாக்கறேன்," என்று வாங்கித் திறந்தாள்.

உள்ளே அவள் தைத்த முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் அந்துகள் ஒதுங்கி உட்கார அட்டை வேண்டும். ஒற்றை அட்டை பனியில் நனைந்து தொய்ந்துபோகிறது என்று, போன வருடம் இரண்டிரண்டாக ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஓரத்தைத் தைத்தது அவளுடைய யோசனை. காலையில் இரு புறமும் எண்ணி, உதறி, அப்படியே மறுபடி வைப்பார்கள். இப்போதும் இரு புறமும் சுத்தமாக இருந்தது. மூடப்போனாள். தையலின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய மீசை நீண்டு, உள்ளே போனது.

நூலை அறுத்தாள். இரண்டு அட்டைக்கும் நடுவே, பட்டை வெடிப்புக்குள் பகலில் தூங்குவதுபோல, நான்கு சாம்பல் போர்வைகள் ஒட்டிக் கிடந்தன. விளக்கை இன்னும் ஏற்றவே இல்லை. இந்த அட்டைகள் நேற்று ராத்திரி இருந்தது பழங்காட்டில். இனி விளக்கு எரிந்ததும் இவை வெளியே வந்து குழியில் உட்காரும். காலையில் அவளே எண்ணி, மேட்டுத் தோப்பு என்று எழுதுவாள். வேறெந்த அந்துக்கும் அந்த இடுக்கில் நுழைய உடம்பு இடம் கொடுக்காது.

கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"நான்தான் அவுத்து உதறட்டுமான்னு கேட்டேனே அண்ணி. நூல்ல கை வெக்கக் கூடாதுன்னு கத்துனீங்க," என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் குந்தினார். "விடுங்க. நான் சரியா உதறலன்னு எழுதிடுங்க. பதினெட்டு வருஷப் பேரு இதுக்காகக் கெடக் கூடாது. எனக்கென்ன, ரெண்டு திட்டு விழும்."

சரி என்று தலையாட்டினால் போதும். காடும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். ஒரு நொடி அவளுக்கு அது தோன்றவும் செய்தது.

"மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன் மாப்ள," என்றாள். "நீங்க பள்ளத்துலயே வெச்சுட்டு ஏமாத்துறீங்கன்னு."

அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி."

அவள் மிச்சமிருந்த அட்டைகளை மடியில் போட்டு, தன் கையால் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். அந்த நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். வெறும் அட்டைகளை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. டைரக்டர் வீட்டில் விளக்கு அணைவதற்குள் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அவள் டப்பாவோடு மேட்டை இறங்கினாள்.