கரை உடையாக் குலம்

மூன்று பகலும் மூன்று இரவும் இடையறாது பொழிந்து, மலை முகடுகளை மறைத்து, ஓடைகளை ஆறுகளாக்கி, வடபெண்ணை ஆற்றுக்கு இறங்கும் செம்மண் நிலத்தையெல்லாம் வெள்ளக்காடாக்கி, நான்காம் நாள் காலையிலும் ஓய மனமின்றித் தூறிக்கொண்டிருந்தது கார்த்திகை மழை. மேற்கே வெலிகொண்டைத் தொடர் இருக்கும் இடமே தெரியவில்லை. இரண்டு குன்றுகளை ஒரே கையால் பிணைத்தாற்போல அரைக் காதம் நீண்டு கிடந்த சிந்தலப்பாட்டுப் பேரேரியின் கரை மட்டும், ஒருபுறம் நீரும் மறுபுறம் ஊருமாக, அந்தச் சாம்பல் ஒளியில் கருத்துக் கிடந்தது. கரையின் தென்கோடிக் குன்றின்மேல் சோடர்களின் கோட்டை. கரைக்கு நேர் கீழே, நெய்வோரும் உழுவோரும் குயவருமாக மூவாயிரம் உயிர்கள் வாழும் சிந்தலப்பாடு. ஊரின் இருபுறத்து ஓடைகளும் பெருக்கெடுத்து வழிகளை அறுத்துவிட்டன. குன்றின்மேல் இருந்தவர்களுக்கு நனைவதைத் தவிர வேறு துன்பமில்லை.

இந்தச் சோடர் குலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறேன், அறிவுடையீர், பொறுத்தருள்க. காவிரிக்குக் கரை எடுத்த கரிகாலனின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று கல்லிலும் செப்பிலும் பொறித்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். காவிரியைக் கண்ணால் கண்டவர் அக்குலத்தில் ஒருவர்கூட இலர் என்பது வேறு செய்தி. பேசுவது தெலுங்கு, உண்பது சங்கட்டி என்னும் சோளக்களி, உரிமை கொண்டாடுவது காவிரிக் கரையை! ஆயினும் அந்தப் பெருமையை அவர்கள் விளையாட்டாக வைத்திருக்கவில்லை. 'கரை உடையாக் குலத்தார்' என்பதே அவர்களுடைய விருதுப் பெயர்களில் முதல் விருது. அதைக் காக்கும் பொருட்டு ஒரு கட்டளையும் இருந்தது. ஏரிக்கரையில் முதல் வெட்டை இடுபவன் எவனோ, அல்லது இடுமாறு வாயால் ஏவுபவன் எவனோ, அவன் சோடனாயின் பட்டத்துக்கு உரிமையிழந்து, குலவரிசைக் கல்லினின்று பெயர் செதுக்கி எறியப்பட்டு, பொழுது சாய்வதற்குள் எல்லை கடக்க வேண்டும். குடியானவனாயின் அவனுடைய இரு கைகளும் வெட்டுண்ணும். எந்த மூதாதை எந்த வெயிற்காலத்தில் காய்ந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்து இதை வகுத்தானோ, யாரறிவார்.

கொம்மசோடனுக்கு அகவை இருபத்து நான்கு. தந்தை மறைந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. இன்னும் பதினொரு நாளில் அவனுக்குப் பட்டம். அந்தப் பட்டத்தை இருபது ஆண்டுகளாக விரும்பி, அதற்காக அண்ணனோடு பகைத்து, பொத்தப்பியிலும் நெல்லூரிலும் இருந்த பங்காளிச் சோடர்களைத் தன் பக்கம் இழுக்க ஆன மட்டும் முயன்று தோற்றவன், அவனுடைய சிற்றப்பன் ஓபசோடன். ஊரார் அவனை ஓபய்யா என்பர். அன்று காலை இருவரும் கரையின் வடகோடியில், ஒருவரையொருவர் பார்க்கும்படியாகவும் பேசாதபடியாகவும், இருபது அடி இடைவெளியில் நின்றிருந்தனர்.

இருவருக்கும் நடுவே, கரையின் அடிவாரத்திலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தான் ஒட்டர் தலைவன் எர்ரய்யன். ஏரி வெட்டுவதும் கரை கட்டுவதுமே தொழிலாகக் கொண்ட அவன், குவித்த இரு கைகளிலும் நீர் ஏந்தி வந்து கொம்மசோடன் முன் நீட்டினான். அந்நீர் குழம்பைப்போலச் சிவந்திருந்தது.

"துரை, நேத்து வரைக்கும் கரை அடியில கசிஞ்ச தண்ணி தெளிவா இருந்துச்சு. நானே குடிச்சேன். இப்ப பாருங்க நெறத்த. இது ஏரித் தண்ணி இல்ல, கரையோட வயிறு கரைஞ்சு வெளிய வருது. உச்சிப் பொழுது வரைக்கும்கூடத் தாங்காது."

"மிச்சத் தண்ணி கலிங்கு வழியாப் போவுதுல்ல?"

"எங்க போவுது? உங்கப்பா, பெரிய துரை, அதுமேல ரெண்டு முழம் கல்லு ஏத்தி அடைச்சுட்டாரே! இப்ப அது தண்ணிக்கு அடியில கெடக்கு. எந்த மீனு போய்ப் பேத்தெடுக்கும்?" எர்ரய்யன் கைநீரைக் கீழே கொட்டினான். "இந்த வடகோடியில ஒரு ஆள் ஒசரத்துக்கு வெட்டுனாப் போதும் துரை. கீழ பாறை இருக்கு, அறுப்பு அதத் தாண்டிப் போவாது. தண்ணி காட்டுப் பக்கம் போயிடும். ஊரு பொழச்சிக்கும்."

"அப்ப வெட்ட வேண்டியதுதானே, நீ?"

எர்ரய்யன் சேறு படிந்த கைகளை உயர்த்திக் காட்டினான். "இந்த ரெண்டும் இருந்தாத்தான் துரை என் வீட்டுல பதினோரு பேருக்குச் சங்கட்டி. மொத வெட்டு மட்டும் உங்க குலத்துல யாராச்சும் போட்டுக் குடுங்க. அப்புறம் பாருங்க எங்க ஆளுங்க வேலைய."

கொம்மசோடன் அவனை உற்றுப் பார்த்தான். சிறு பிள்ளையாய் இருந்த நாள் முதல் சிற்றப்பனின் சூழ்ச்சிகளைக் கதையாகக் கேட்டே வளர்ந்தவனுக்கு, எந்த முகத்திலும் சிற்றப்பனின் கையே தெரியும். கண்முன்னே கரை கரைந்து சிவந்த நீராய் வழிந்தபோதும் அவனுக்குத் தோன்றிய முதல் எண்ணம் அதுவாகவே இருந்தது.

"உண்மையச் சொல்லு. உன்ன என் சித்தப்பா அனுப்புனாரா?"

எர்ரய்யன் கரையடியைச் சுட்டிக் காட்டினான். "என்னைய அனுப்பியிருக்கலாம்னே வச்சிக்குங்க. அந்தத் தண்ணிய யாரு துரை அனுப்புனது?"

கொம்மசோடன் திரும்பி, சற்றுத் தொலைவில் ஓலைக்குடையின் கீழ் இறக்கி வைக்கப்பட்டிருந்த சிவிகையை அடைந்தான். அதனுள் இருந்தவள் அவன் தாய் நுங்கமதேவி. மகன் கேட்பதற்கு முன்பே அவள் திரைக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"எல்லாம் என் காதுல விழுந்துச்சு. நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு கொம்மா."

"அம்மா, கீழ மூவாயிரம் பேரு இருக்காங்க."

"உன் சித்தப்பனுக்கும் கண்ணு இருக்குல்ல? அவன் வெட்டட்டுமே! நீ மண்ணத் தொட்ட மறு நொடி அவன் பட்டத்துல ஏறி உக்காந்துடுவான். அப்புறம் யாரும் உனக்குப் பொண்ணும் குடுக்க மாட்டாங்க, பங்காளிங்க பக்கத்துல உக்காரவும் விட மாட்டாங்க. உங்கப்பா கட்டிக் காத்தத ஒரே காலையில தொலைச்சுட்டு என் முன்னால வந்து நிக்காத."

தாயின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு கொம்மசோடன் சிற்றப்பனை நோக்கி நடந்தான். ஓபசோடன் ஒரு புளியமரத்தின் வேர்மேல் அமர்ந்து, ஊர் மூழ்கப்போகும் நாளிலும் வெற்றிலையை நரம்பு கிள்ளி, அளவாகச் சுண்ணாம்பு தடவி, பொறுமையாக மடித்து வாயிலிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, மண்வெட்டி கனமா இருக்கா?" என்றான்.

"உங்க கைக்கு லேசா இருக்குமே சித்தப்பா. நீங்கதான் எடுங்களேன்."

"நான் கெழவன். பட்டத்துக்குன்னு பொறந்தவன் நீ. உங்கப்பன் கலிங்க அடைக்கிறப்ப, வேணாம் அண்ணான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். பாட்டன் தேக்குனத விட ரெண்டு முழம் கூடத் தேக்கிக் காட்டுறேன்னான். அவன் ஏத்துன கல்லுக்கு நீதான பொறுப்பு?"

"நான் வெட்டுனா பட்டம் உங்களுக்கு. அதானே உங்க கணக்கு?"

"அதேதான். இல்லன்னு பொய் சொல்லச் சொல்றியா? நீயும் உங்கம்மாவும் அதே கணக்கத்தான போட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

 மழை அவர்கள் இருவர்மேலும் வேற்றுமையின்றிப் பெய்தது. எர்ரய்யன் கரையோரத்தில் நட்டிருந்த கோலைப் பார்ப்பதும், இவர்களைப் பார்ப்பதும், மீண்டும் கோலைப் பார்ப்பதுமாகத் தவித்தான். கோலில் கீறிய அடையாளம் ஒன்று நீரில் மறைந்தது. சிறிது நேரத்தில் அதற்கு மேலிருந்ததும் மறைந்தது. பட்டத்துக்கு ஆசைப்பட்ட இருவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க, ஏரி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அப்போது கரையின் நடுப்பகுதியில், ஊர்ப்புறச் சரிவில், ஒரு வீட்டளவு மண் பொத்தென்ற ஓசையுடன் சரிந்து விழுந்தது. கீழே எழுந்த அலறல் மழையோசையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு வழுக்கும் சரிவில் கைகளால் ஊன்றி ஏறத் தொடங்கினர். முதலில் மேலேறி வந்தவள், இடுப்பில் கைக்குழந்தையும் முழங்கால்வரை சேறுமாக நின்ற ஒரு நெசவுக்காரி. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அச்சம் முற்றி அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"ஏன் துரைமாரே, இது என்ன கல்யாணப் பந்தியா? நீங்க முன்னால உக்காருங்க, இல்லல்ல நீங்க முன்னால உக்காருங்கன்னு மரியாத குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க! எங்க மாமியாளால எழுந்திரிக்க முடியாது, வீட்டுலயே கெடக்கா. அவகிட்டப் போய் நான் என்ன சொல்ல? சோடருங்க இன்னும் பேசி முடிக்கல, செத்த நேரம் மூழ்காம இருன்னு சொல்லவா?"

கொம்மசோடன் கீழே ஊரைப் பார்த்தான். அவன் நல்லவன்தான், ஐயமில்லை. அந்த நொடியில் அவன் நெஞ்சு நெகிழ்ந்ததும் உண்மை. மூன்றே எட்டில் எர்ரய்யனை அடைந்து மண்வெட்டியின் காம்பைப் பற்றினான். பற்றியவன் உயர்த்தவும் செய்தான். அதற்குள் சிவிகையிலிருந்து, "கொம்மா!" என்றொரு குரல் வந்தது, ஒரே ஒரு சொல். உயர்ந்த கை அப்படியே நின்று, மெல்லத் தாழ்ந்தது. மண்வெட்டி அவன் காலடியில் விழுந்தது. அடப் பாவி, என்று உங்களுக்குக் கூவத் தோன்றும்; எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை உயர்த்தும் அளவுக்காவது போயிருப்போம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓபசோடன் அண்ணன் மகனின் முகத்தையன்று, தாழ்ந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவன் வெட்டப் போவதில்லை என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. இன்னும் சற்றுப் பொறுத்தால் கரை தானே உடையும். உடைந்தால் யார்மீதும் குற்றமில்லை. பட்டப் போட்டியும் பழையபடியே தொடரும். அதையும் அவன் எண்ணிப் பார்த்தான். எண்ணிப் பார்த்த பின்னரே வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"எர்ரய்யா, அத எடுத்துக் குடு."

"சித்தப்பா?" என்றான் கொம்மசோடன், தன் காதையே நம்பாமல்.

"இருபது வருஷம்டா. தூங்குறப்பவும் அந்தப் பட்டத்த நெனச்சிக்கிட்டுத்தான் தூங்கினேன். இப்பவும் ஆசை விட்டுப் போச்சுன்னு நெனைக்காத, வயிறு எரியுது." ஓபசோடன் வேட்டியை மடித்துக் கட்டினான். "ஆனா கீழ ஒரு உயிரும் இல்லன்னா நான் யாருக்குடா துரையா இருக்கறது? இந்தப் புளியமரத்துக்கா?"

சொல்லி முடித்ததும் மண்வெட்டியை இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்கி, எண்ணூறு ஆண்டுப் பெருமை என்று அவர்கள் சொல்லிக்கொண்ட அந்தக் கரையின் உச்சியில், முதல் வெட்டை இட்டான். நனைந்த மண் ஒரு பிளவாய் வாய் திறந்தது. அவ்வளவுதான், அதற்காகவே மூச்சை அடக்கிக் காத்திருந்த ஒட்டர்கள் அறுபது பேரும் கூடைகளோடும் கடப்பாரைகளோடும் பாய்ந்து, பிளவை வாய்க்காலாக்கி, அறுப்பு அகன்றுவிடாதபடி இருமருங்கும் கல்லும் முட்கட்டுமாக அடுக்கினர். சோடன் ஒருவன் ஒட்டனோடு தோளுரசி மண் சுமந்ததை ஊர் அன்றுதான் கண்டது. ஏரி முதலில் ஒரு நூலாக வழிந்து, பின்னர் ஒரு முழமாக விரிந்து, பாறைமேல் இடித்து, முழங்கியபடி காட்டுக்குள் இறங்கியது. உச்சிப் பொழுது வந்தது, கடந்தது. கரை நின்றது. எர்ரய்யன் அடிவாரத்துக்கு ஓடிச் சென்று கசிவைக் கையில் ஏந்திப் பார்த்து, அங்கேயே சேற்றில் அமர்ந்து ஓவென்று அழுதான்.

மாலை சாய்வதற்கு முன் கரைமேலேயே வழக்குக்காக அவை கூடியது. ஊரார் அனைவரும் கைகூப்பி, "மன்னிச்சுடுங்க துரை, எங்க உசுரு அவரு போட்டது," என்று வேண்டினர். கொம்மசோடன் மன்னித்திருக்கலாம். வகுத்தவன் செத்து மண்ணான கட்டளை, இவன் ஒரு சொல் சொன்னால் அன்றோடு செத்திருக்கும். ஆனால் கூப்பிய அத்தனை கைகளும் தன்னை நோக்கிக் கூப்பப்பட்டிருந்தும், அத்தனை கண்களும் சிற்றப்பனையே பார்ப்பதை அவன் கண்டான். கண்டதும் மன்னிக்கும் எண்ணம் அவனை விட்டு அகன்றது.

"சொல்லுடா," என்றான் ஓபசோடன், மண்ணப்பிய கைகளைத் துடைத்தவாறே. "இதையாவது தள்ளிப் போடாம சொல்லு. பொழுது போவுது, நான் ஓடை தாண்டணும்."

கொம்மசோடன் சொன்னான். குலமுறைப்படி, ஒரு சொல்லும் பிறழாமல் சொன்னான். ஓபசோடன் தலையசைத்துக் கேட்டுவிட்டு எர்ரய்யன் பக்கம் திரும்பி, "வெயில் வந்ததும் வெட்டுன எடத்தக் கட்டிடுங்க. களிமண்ணு போட்டு மாட்ட விட்டு மிதிங்க, வெறும் செம்மண்ணு நிக்காது," என்று கூறிவிட்டு, வடக்கே இறங்கி நடந்தான். அதன்பின் அவனைச் சிந்தலப்பாட்டில் கண்டவர் இலர்.

பதினொரு நாளில் பட்டம் ஆயிற்று. குலவரிசைக் கல்லில் ஒரு பெயர் இருந்த இடம் அம்மி கொத்தினாற்போலச் செதுக்கப்பட்டது. கொம்மசோடன் முப்பத்தோராண்டு ஆண்டான். கொடுங்கோலன் என்று எவரும் அவனைச் சொன்னதில்லை. தந்தை ஏற்றிய கல்லைப் பட்டமேற்ற மறு கோடையிலேயே அகற்றினான். ஏரி வற்றிக் கிடந்த நாளாதலால் அதைக் கரையுடைப்பு என்று சொல்வாரில்லை. இருந்தும், ஆண்டுதோறும் பட்டநாளில் வந்தியர் முன்னின்று, 'கரை உடையாக் குலத்தோனே' என்று முதல் விருதை உரக்கப் பாடும்போதெல்லாம், அவையில் வாழ்த்தொலி எழுவதற்கு முன்னால் ஒரு சிறு அமைதி விழும். அந்த அமைதி எவ்வளவு நீளம் என்பதை அவன் ஒருவனே அறிந்திருந்தான்.

முதுமையில் ஒரு நாள், விளக்கு வைக்கும் வேளையில், அவன் குதிரைமேல் நெசவுத் தெரு வழியே வந்தான். பிள்ளைகள் புழுதியில் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு வாயிலில் நின்ற தாய், "ஓபய்யா, சாப்பிட வாடா!" என்று கூவினாள், ஏழு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தனர். "நீ இல்லடா, நீ இல்லடா, என் ஓபய்யா!" என்று அவள் சலித்துக்கொள்ள, தெருவே சிரித்தது. துரை வருவதைக் கண்டதும் சிரிப்பு நின்று, அனைவரும் எழுந்து, குறைவற வணங்கினர். கொம்மசோடனும் வணங்கினான். பின்னர், தன் பெயரிட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லாத அந்தத் தெருவைக் கடைசி வீடு வரையில் மெல்லக் கடந்து, விருதுகள் ஒன்றும் குறையாத தன் கோட்டைக்கு ஏறிச் சென்றான்.