பன்னிரண்டு பேரும் ஒரே கட்டத்தில்

1
இந்தக் கதை நான் யோசித்ததல்ல. பல் டாக்டரின் வரவேற்பறையில் காதில் விழுந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் போனில், "பைத்தானா, ஜாவாவா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன்டி, பயமா இருக்கு" என்றாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நானேதான் கேட்டுக்கொண்டேன்.

(இரண்டும் கணினிக்குப் புரோகிராம் எழுதும் மொழிகள் என்பதற்குமேல் எனக்குத் தெரியாது. பயம் தெரியும். அந்தத் துணிச்சல்தான்.)

2
முதலில் எழுதியது: "மாலைச் சூரியன் கண்ணாடிக் கட்டடத்தின்மேல்—"

வேண்டாம். வேலை போய்விடுமோ என்று கிடப்பவள் சூரியனையா பார்ப்பாள்?

நாற்பத்தாறு வயது. இன்சூரன்ஸ் அலுவலகம். பத்தொன்பது வருஷமாக ஒரே பழைய மொழியில் எழுதியவள். அதை நிறுத்தப் போகிறார்கள். பிரிவிலுள்ள பன்னிரண்டு பேரும் பைத்தான், ஜாவா என்ற இரண்டு புது மொழிகளில் ஒன்றுக்கு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள், கணினிப் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். பயிற்சியில் இடம் கிடைத்தால் வேலை உண்டு. கிடைக்காவிட்டால்—

(அவளும் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

3
பிரிவில் ஒருவருக்கு 'ஜோசியர்' என்று பட்டப்பெயர். பதவி உயர்வு யாருக்கென்று சொன்னால் பலிக்கும்.* அவர் பைத்தானுக்கு டிக் அடித்தார். அதைப் பார்த்து எல்லோரும் அடித்தார்கள். இவளும்தான்.

* பலித்தது இரண்டே தடவை. நமக்கு அது போதாதா?

வெள்ளி, நாலரை மணி.

"ஜோசியரே, எதை வச்சு பைத்தான்னு முடிவு பண்ணீங்க?"

"என்ன மேடம், சோதிக்கிறீங்களா? போன வாரம் சீட்ல உக்காந்து போன்ல பைத்தான் பைத்தான்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க!"

"ஐயோ, நான் எங்க சொன்னேன்? தங்கச்சிகிட்ட கேட்டுட்டில்ல இருந்தேன்!"

"நல்லா கேட்டீங்க போங்க" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "என் பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா மேடம்."

அவள் தன் இடத்துக்கு வந்து, படிவத்தோடு வந்த நோட்டீஸை முதல்முறையாக முழுக்கப் படித்தாள். எல்லோரும் ஜோசியரைப் பார்த்தார்களே தவிர நோட்டீஸைப் பார்க்கவில்லை. கடைசி வரி: ஒரு மொழிக்கு நாலு இடம். ஆள் அதிகமானால் குலுக்கல்.

ஜாவாவில் ஒருவருமில்லை. ஐந்து மணிவரை மாற்றலாம்.

4
இங்கே எனக்கும் அவளுக்கும் தகராறு.

"சத்தமில்லாம ஜாவாவுக்கு மாத்திடு. உன் இடம் உறுதி."

"மத்த பதினோரு பேர் நாலு இடத்துக்கு அடிச்சுக்கணுமாம்மா?"

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடு. ரெண்டு மொழிக்குமா எட்டுப் பேராவது தப்பிப்பாங்க."

"தப்பிக்காத நாலுல நான் இருந்தா?"

ஒரு முடிவில் அவளை ரகசியமாக மாற்ற வைத்தேன். எழுதியதைக் கோடிட்டு அடித்துவிட்டேன். இன்னொன்றில் எழுந்து நின்று எல்லோருக்கும் முழங்கினாள். "அது நான் இல்லம்மா" என்றாள். அதையும் அடித்தேன்.

இப்போது மணி நாலு ஐம்பத்தாறு. அவள் விரல் மவுஸில்; அம்புக்குறி ஜாவா கட்டத்தின்மேல்.

"மேடம், ஏன் முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்கிறார் ஜோசியர். "ஏதாவது தெரிஞ்சுதா?"

இதுவரை எல்லாம் என் காதில் விழுந்தது. இதற்குப் பதில் விழவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம்; மற்ற பத்துப் பேரும் தலையைத் தூக்கி அவளையே பார்க்கிறார்கள்.