வெற்றிலை எடுத்த பிறகு

டாங், டாங் என்று பெரட்டு மணி அலறியது. விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்க அடிக்கிற மணி பொழுது சாய்கிற நேரத்தில் அடித்தால், தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யார்தான் வாசலுக்கு வராமல் இருப்பார்கள்? மணி யாருக்காக என்று பேச்சியம்மாளுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த மகன் சின்னத்தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முனியாண்டி கோயிலுக்கு நடந்தாள்.

கோயில் வாசலில் பெரிய கங்காணி வீரமுத்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே மளிகைக்கடை அமானுல்லா. கடைப் பாக்கிக்குப் பேச்சியம்மாளின் சினைமாட்டைக் கேட்டு குளுவாங் கோர்ட்டுக்குப் புறப்பட்டவரை, "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று தடுத்தவர் கங்காணிதான்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆள் கணக்கிலிருந்து புருஷன் காளியப்பனின் பேரை வெட்டிவிட்டார்கள். அவன் வேலை தேடி செனாய்ப் பக்கம் போனவன், போனவன்தான். இனி அந்த மாடு கன்று போட்டால்தான் பிள்ளைக்குக் கஞ்சி.

வெற்றிலைத் தட்டு வந்தது. எடுத்தவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். பிறகு கோர்ட்டு, துரை என்று எங்கேயும் போக முடியாது. அமானுல்லா தயங்கித் தயங்கி எடுத்தார். பேச்சியம்மாள் சட்டென்று எடுத்தாள். மாசாமாசம் அவள் கூலியில் பாக்கியைப் பிடித்துக் கடைக்குக் கட்டுகிறவரே கங்காணிதானே? அவரைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

"எங்கிட்ட ஒத்தக் காசு வரல தங்கச்சி" என்றார் அமானுல்லா. "பொய் சொல்லி நான் என்ன மாளிகையா கட்டப்போறேன்?"

"கங்காணி ஐயா எங்கூலில பிடிச்சாங்களே பாய். அவங்களையே கேளுங்க."

அமானுல்லா கங்காணியைப் பார்த்தார். கங்காணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"லயம் பூராவுக்கும் பிடிக்கிறேன். உன்னுத மட்டும் நெஞ்சிலயா எழுதி வச்சிருக்கேன்?" என்றவர், கற்பூரத்தைக் கொளுத்தச் சொன்னார். "பாக்கி கடைக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு பிள்ளை தலையில கைய வச்சுச் சொல்லி, கற்பூரத்த அணை. மாடு உனக்கு."

"அணைச்சிரு பேச்சி" என்றது கூடி நின்ற லயத்துப் பெண்களில் ஒரு குரல்.

"சும்மா இருடி. காய்ச்சல்காரப் பிள்ள" என்றது இன்னொன்று.

பேச்சியம்மாள் மகன் தலையில் கை வைத்தாள். கொதித்தது. கூலியைப் பிடித்தது சத்தியம். கடைக்குப் போய்ச் சேர்ந்ததா? அதை எப்படிச் சத்தியம் செய்வாள்? சொல்லி, பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

கையை எடுத்துவிட்டாள்.

"ஐயா, பிடிச்சது எனக்குத் தெரியும். கட்டினீங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும். கற்பூரம் இன்னும் எரியுது. நீங்களே அணைச்சிருங்க."

அமானுல்லா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் வெற்றிலை எடுத்தவர். கற்பூரம் சுருங்கி, நீலமாகித் தானாகவே அணைந்தது.

கங்காணி எழுந்து துண்டை உதறினார்.

"நாட்டாமை சொல்றவன் சத்தியம் பண்ற வழக்கம் கிடையாது. பாய், நீங்க மாட்ட அவுத்துக்கிட்டுப் போங்க."