லெய்டன் வரை போனவனின் ரோம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஹார்லெம் என்ற டச்சு நகரத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். மழைக்கு ஒதுங்கிய ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உள்ளூர் ஓவியன் ஒருவன் தன்னையே வரைந்திருக்கிறான். தலையில் துருக்கித் தலைப்பாகை, உடம்பில் பாரசீக அங்கி, பின்னால் ரோமின் இடிபாடுகள். இடது கையில் தூரிகை. உலகத்தையே சுற்றி வந்துவிட்ட முகம். எனக்கு வயிறெரிந்தது.

இவன் ரோமுக்குப் போயே இருக்கமாட்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னதும் கதை வந்துவிட்டது. படத்துக்குக் கீழே இருந்த பலகையில் ஓவியனின் பெயர் இல்லை. கோவர்ட் என்று நானே வைத்தேன்.

2

மனைவி மாக்டெல்ட் நோயில் படுத்துவிட்டதால் கோவர்ட் ரோமுக்குப்—

வேண்டாம். பெண்டாட்டி மேல் பழி போடுவது சுலபம்.

சரி, இப்படி. இளவயதில் நண்பன் லேண்டர்ட்டோடு ரோமுக்குக் கிளம்பினான். அடுத்த ஊரான லெய்டன் வரை கால்வாய்ப் படகில் போனார்கள். மறுநாள் காலை லேண்டர்ட் தெற்கே நடந்தான். கோவர்ட் ஊர் திரும்பும் படகில் ஏறிவிட்டான். ஏன்? [இங்கே ஒரு காரணம் எழுத வேண்டும்.] தெரியவில்லை, அவனுக்கே தெரியாது. ஆனால் அதன்பிறகு ரோமை நினைக்காமல் அவன் ஒருநாளும் தூங்கியதில்லை.

3

நாற்பது வயதில் அந்தப் படத்தை ஆரம்பித்தான். அங்கி, ஏலத்தில் எடுத்தது. இடிபாடுகள், சந்தையில் வாங்கிய அச்சுப்படத்தைப் பார்த்துப் போட்டவை. முகம், கண்ணாடியைப் பார்த்து. தலைப்பாகை—

"அது என் ஜன்னல் திரை," என்றாள் மாக்டெல்ட்.

"ரெண்டு நாள்ல தந்துடறேன்."

"மேசைவிரிப்ப எடுத்தப்பவும் இதத்தான் சொன்ன. சுல்தானுக்குக் கஞ்சி ஆறுது, வந்து குடி."*

* புருஷனை நீ என்கிறாளே என்று கேட்காதீர்கள். நீங்க என்று அவளைப் பேசவைத்துப் பார்த்தேன். வேறு யாரோ ஆகிவிட்டாள்.

4

லேண்டர்ட் ரோமிலிருந்து திரும்பி வந்தான். அவனைக் கூட்டிவந்து படத்தின் முன்னால் நிறுத்தினான் கோவர்ட். 'நீயும் அங்க இருந்த மாதிரியே இருக்குடா.' லேண்டர்ட் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும் அவனுக்கு.

லேண்டர்ட் பீர் குவளையோடு குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"டேய், இந்த வளைவு இடதுபக்கம்தான் உடைஞ்சிருக்கும். நீ வலதுபக்கம் உடைச்சு வச்சிருக்க. அச்சப் பாத்துப் போட்டியா?"

செப்புத் தகட்டில் செதுக்கியதைத் தாளில் ஒற்றினால் இடம் வலமாகும். இது தெரியாத ஓவியன் ஊரில் கிடையாது. கோவர்டுக்கும் தெரியும். ஆனால் வருஷக்கணக்காக அந்தத் தாள்களையே பார்த்துப் பார்த்து, அவன் மனதில் ரோம் அப்படியே திரும்பி நின்றுவிட்டது.

"தூரிகைய வேற இடது கைல பிடிச்சிருக்க. கண்ணாடில தெரிஞ்சத மாத்திப் போடணும்னுகூடத் தோணல. லெய்டனத் தாண்டியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?"

கோவர்ட் அவன் குவளையில் இன்னும் கொஞ்சம் பீர் ஊற்றினான்.

5

லேண்டர்ட் போய்விட்டான். இனி முடிவுகள்.

அ) கோவர்ட் இடிபாடுகளின் மேல் சாயம் பூசி அழிக்கிறான். நடக்காது. நான்தான் அவற்றைக் கண்ணால் பார்த்தேனே.

ஆ) மறுநாளே ரோமுக்குக் கிளம்புகிறான். இது என்னுடைய ஆசை, அவ்வளவுதான்.

இ) மாக்டெல்ட் சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு எதிரே பிடிக்கிறாள். கண்ணாடிக்குள் வளைவு இடதுபக்கம் உடைந்திருக்கிறது. தூரிகை வலது கையில் இருக்கிறது.

"இங்க வந்து பாரு. இதுல நீ போயிட்டுத்தான் வந்திருக்க."

அவன் திரையில்லாத ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"கோவர்ட், கை வலிக்குது."

6

அவன் திரும்பிப் பார்த்தானா? எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நானும் ரோமுக்குப் போனதில்லை. இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். டிக்கெட் எடுத்து ரத்து செய்திருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை. ஏன் என்று கேட்காதீர்கள். லேண்டர்ட் சொன்ன பக்கம் சரிதானா என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்களில் போய்வந்தவர் யாராவது இந்த முடிவை எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.