இரண்டு பிரதியும் காலி

செவ்வாய்க்கிழமை காலை, மாதாப்பூர் போகும் ஆபீஸ் வண்டியைப் பிடிக்க சுதர்சன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து ரோகிணி கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. குழந்தைங்க ஃபோல்டர் எல்லாம் காலியா இருக்குது."

"வேற எங்கயாவது பாத்திருப்ப," என்று சொல்லிக்கொண்டே ஒற்றைக் கால் ஷூவோடு போனான்.

அவள் சரியான இடத்தில்தான் பார்த்திருந்தாள். இருபத்தாறு குழந்தைகளின் பெயரில் இருபத்தாறு ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தான், ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசி வரை திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வைரஸ் வேலை. பாட்டு, பேச்சுன்னு ஒலி ஃபைலா தேடித் தேடி அழிக்கிற வைரஸ் ஒண்ணு சுத்துது. யார் பென் டிரைவையாவது போட்டியா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம், டிபார்ட்மென்ட்ல குடுத்தது ஒண்ணு." அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாத. காப்பி இருக்கு."

அந்த நிமிடம் வரை அவனுக்கு நிஜமாகவே பயமில்லை. ஓர் அமெரிக்க வங்கியின் தரவுகளைத் தினமும் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் அவன் உத்தியோகம். தன் வீட்டில் கோட்டை விடுவானா?

ரோகிணி பேச்சுப் பயிற்சி தருபவள். காது கேளாமல் பிறந்து, கருவி பொருத்திக்கொண்டு, மூன்று நான்கு வயதில் முதன்முதலாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களாகத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், குழந்தை பேசுவதைப் பதிவு செய்து வந்தாள். 2004 கடைசியில் தொடங்கியது. இப்போது 2007 ஆகஸ்ட். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

முதலில் அவளே சி.டி.யில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சில மாதம் எடுப்பாள், சில மாதம் மறந்துபோவாள். "கையால பண்றதெல்லாம் ஒரு முறையா? தானா ஓடணும், நீ நினைக்கவே கூடாது," என்று சொல்லி, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தவன் சுதர்சன்தான். தினமும் மாலை ஏழு மணிக்குப் பிரதியெடுக்கும்படி ஒரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்தான். அலமாரியில் இடம் போதவில்லை என்று, பழைய சி.டி.களில் இருந்ததெல்லாம் டிஸ்கில் வந்துவிட்டதைச் சரிபார்த்துவிட்டதாகச் சொல்லி, அவற்றைத் தூக்கிப் போட்டதும் அவன்தான்.

ஆபீஸ் பையிலிருந்து டிஸ்கை எடுத்துச் செருகினான். அதே இருபத்தாறு பெயர்கள் வந்தன. முதல் ஃபோல்டரைத் திறந்தான். காலி. அடுத்ததும் காலி. கை தானாகவே டிஸ்கில் இருந்த மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது. நீக்கப்பட்டவை: 914. பிழைகள்: எதுவுமில்லை.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மென்பொருளில் இருந்த சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டிருந்தான். மத்தியானம் வைரஸ் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தது. ஏழு மணிக்கு மென்பொருள் வந்து பார்த்தது. இங்கே காலி, அங்கேயும் காலியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்தது.

"என்னங்க ஆச்சு? காப்பியிலயும் வைரஸா?"

"இல்ல."

"அப்ப யாரு அழிச்சாங்க?"

"நான்தான்," என்றான்.

கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. ரோகிணி கத்தவில்லை, அழவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்க ஆபீஸ்ல இதத்தானுங்களே பண்றீங்க?"

பத்து மணிக்கே இருவரும் ஆட்டோ பிடித்து சிகந்திராபாத் பார்க்லேனுக்குப் போனார்கள். அழிந்ததை மீட்டுத் தருகிறவர் என்று பெயர் வாங்கிய அப்துல் காதரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்து இருபது வருஷம் ஆனவர்.

"அழிஞ்சதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்ல எதுவும் பண்ணலியே?"

"நேத்து ராத்திரி ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு, வைரஸ்னு தெரியல. ஃபோல்டரைத் திறந்து பாக்காம விண்டோஸை மறுபடி போட்டேன்," என்றான் சுதர்சன்.

"அது போச்சு, நக்கோ, விட்டுடுங்க. டிஸ்க்ல ஏதும் எழுதலியே?"

"பாட்டு ஏத்தினேன்," என்றான் சுதர்சன். திங்கட்கிழமை அந்த டிஸ்கை ஆபீசுக்கு எடுத்துப்போயிருந்தான். நண்பன் வாசுவிடமிருந்த பாட்டுகளையெல்லாம் அதில் அள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"எவ்ளோ?"

"டிஸ்க் நிறையற அளவுக்கு."

காதர் பாய் ரோகிணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பெயர், மாதம், வருஷம் எல்லாம் சரியாக இருந்தன. ரோகிணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "இதத் தட்டுங்க பாய், இது நடேசன்னு ஒரு பையன், அவனோட முதல் பதிவு."

தட்டினார். தபேலா ஒலித்தது. ஏதோ இந்திப் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி, ஒரு பெண் குரல் இழுத்துப் பாடியது. அடுத்த கோப்பில் வெறும் கரகரப்பு. அதற்கடுத்ததில் கைதட்டலும் கிடாரும். குழந்தைகளின் பெயர் போட்ட உறைக்குள் வாசுவின் பாட்டுகள் இருந்தன. ரோகிணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "போதும் பாய், நிறுத்துங்க," என்று சுதர்சன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

அன்று இரவு ரோகிணி தன் குறிப்பு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வருஷா வருஷம் டிசம்பர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க குழந்தை பேசினதை சி.டி. போட்டுக் குடுத்தேன். லீவு போடுங்க. வாங்கிட்டு வரலாம்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர்கள் ஊரைச் சுற்றினார்கள். சில வீடுகளில் சி.டி. அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. சிலர் வீடு மாற்றும்போது தொலைத்திருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் சென்னைக்கே திரும்பிப் போயிருந்தன. சில தட்டுகள் மேலே பளபளவென்று இருந்தும் கம்ப்யூட்டரில் போட்டால் உறுமிவிட்டு நின்றன; மலிவு சி.டி. இரண்டே வருஷத்தில் செத்துப்போகும் என்று சுதர்சனுக்குப் படித்துத் தெரிந்திருந்தது, கண்ணால் பார்த்ததில்லை.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்சில் உலகநாதன் வீடு. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. சி.டி. கேட்டதும் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"நீங்க எடுத்துட்டுப் போக வேணாம் சார். உங்க லேப்டாப்ல என் கண்ணு முன்னால காப்பி எடுத்துக்குங்க."

"கண்டிப்பா," என்றான் சுதர்சன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு கடையில போட்டு வாங்கி வெச்சிருக்கேன். அரக்கோணத்துல எங்க அண்ணன் வீட்ல ஒண்ணு, மச்சான் வீட்ல ஒண்ணு. போன வாரம்கூட அண்ணன் போட்டுக் கேட்டுட்டு போன் பண்ணாரு. நாலு வருஷம் வாய் தொறக்காத புள்ள சார். எல்லாரும் கேக்க வேணாமா?"

கடைசியாக குஷாய்குடாவில் மாதங்கி வீடு. அவள் கணவர் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர்கள் மகள் சுபாஸ்ரீக்கு ஆறு வயது. ஆய்வில் மிக முக்கியமானவள். இரண்டு வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து, ஒரு நாள் திடீரென்று முழு வாக்கியமாகப் பேசியவள்.

"சி.டி.யா?" மாதங்கி யோசித்தாள். பிறகு பால்கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

புறாவை விரட்ட, கொடிக் கயிற்றில் நூல் கட்டி நாலைந்து சி.டி.க்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வெயிலில் வெளுத்து, புறா எச்சம் படிந்து, காற்றில் திரும்பித் திரும்பி மின்னின. அவற்றில் இரண்டில் ரோகிணியின் கையெழுத்து அரைகுறையாகத் தெரிந்தது. ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம்? என்ன ஆச்சு?"

"வேற காப்பி இல்லீங்க மாதங்கி. எங்ககிட்ட இருந்தது எல்லாமே போயிடுச்சு."

மாதங்கி வாயைத் திறந்தவள் மூடவில்லை. "என்ன மேடம் சொல்றீங்க? உங்ககிட்ட இருக்கும்னுதானே... டாக்டரேட் பண்றவங்க, வீட்ல கம்ப்யூட்டர் எஞ்சினியர். உங்ககிட்ட பத்திரமா இருக்கும், எப்ப வேணா வாங்கிக்கலாம்னுதானே நான் இதை..." மேலே பேச முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுதர்சன் ஸ்டூல் போட்டு ஏறி நூலை அறுத்து இரண்டையும் இறக்கினான். தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி, லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்று சுற்றிச் சுற்றி நின்றது.

அறைக்குள்ளிருந்து சுபாஸ்ரீ வந்தாள். அம்மா தரையில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "வாட் ஹாப்பண்ட் மம்மி? எந்துகு ஏடுஸ்துன்னாவ்?" என்று, என்ன ஆச்சு, ஏன் அழுகிறாய் என ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் கேட்டாள். மாதங்கி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேவினாள்.

கணக்குப் பார்த்ததில், பத்தொன்பது குழந்தைகளின் பதிவுகள் போன டிசம்பர் வரை கிடைத்தன. ஏழு குழந்தைகளுடையது அடியோடு போனது. ரோகிணி கையால் எழுதி வைத்த குறிப்பு நோட்டுகள் இருந்தன. ஆனால் குரல் இல்லாமல் அவற்றை ஆதாரமாக ஏற்க முடியாது என்று அவளுடைய ஆய்வு வழிகாட்டி ராஜகோபால் சொல்லிவிட்டார். ஏழு பேரை நீக்கிவிட்டு மறுபடி எழுத எட்டு மாதம் ஆனது.

அந்தப் பதிவுகளை இனி எப்படி வைத்துக்கொள்வது என்று பேசிய நாளில் சுதர்சன் வாயே திறக்கவில்லை. ரோகிணிதான் சொன்னாள். டிஸ்க் ஒன்று வீட்டில். தானாகப் பிரதியெடுக்கும் மென்பொருளை அதில் போடலாம், ஆனால் அது எதையும் அழிக்கிறதாக மட்டும் இருக்கக் கூடாது. இன்னொன்று ராஜகோபால் சார் அறையில், பூட்டி. மூன்றாவது நல்ல டி.வி.டி.யில் கோயம்புத்தூரில் அவள் அக்கா வீட்டுக்கு, தபாலில். மாதத்தில் ஒரு ஞாயிறு, கைக்கு வந்த ஏதோ ஒரு கோப்பை வீட்டு டிஸ்கிலிருந்து எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் போட்டு, கடைசி வரை கேட்க வேண்டும்.

"இதையெல்லாம் நான் பண்றேன்," என்றான் அவன்.

"வேண்டாங்க. கூட உக்காந்து கேளுங்க, போதும்."

முதல் ஞாயிறு அவள் ஒரு கோப்பைத் தட்டினாள். ஒலி வருவதற்கு முன்னால் இரண்டு விநாடி மௌனம் இருந்தது. அந்த இரண்டு விநாடியும் சுதர்சன் திரையில் ஓடும் நொடிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு குழந்தை இருமியது. யாரோ, "சொல்லு கண்ணு, சொல்லு," என்றார்கள்.