சோகைக்கு அடியில்

பெருமாள் அந்த வருஷம் கரும்புச் சோகையைக் கொளுத்தவில்லை. வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் அந்தக் காய்ந்த இலைக்குத் தீ வைத்துவிடுவதுதான் ஒடுகத்தூர்ப் பக்கம் வழக்கம். எரித்தால் கரியெல்லாம் புகையாகப் போய் ஆகாயத்தைக் கெடுக்கிறது, அப்படியே பரப்பிவிட்டால் மட்கி மண்ணிலேயே தங்கும், ஈரமும் காயாது என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவள் ஹெப்சி. வேலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பன்னிரண்டு பேரிடம் பேசியதில் ஒத்துக்கொண்டவர் பெருமாள் ஒருவர்தான். அதுவும் அவர் மனைவி சம்பூர்ணம், "புகையில எனக்கு இழுப்பு வருது, ஒரு வருஷம் பாப்பமே" என்று சொன்னதால்.

"சோகையில பூச்சி அடையுமே மேடம்" என்று அன்றைக்கே அவர் கேட்டார். ஊரில் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். "அது எங்கதான் இல்லண்ணா" என்று ஹெப்சி சிரித்து மழுப்பியிருந்தாள்.

2005 சித்திரையில் ஒரு காலை, படம் எடுக்க கேமராவோடு வந்தாள். பெருமாள் மோட்டார் கொட்டகையில் இருந்தார். வயலில் சம்பூர்ணம் மட்டும்தான்.

"அடியில ஈரம் இருக்கிறதத் தூக்கிக் காட்டுங்கக்கா."

சம்பூர்ணம் குனிந்து ஒரு கை சோகையை அள்ளினாள். குக்கரில் ஆவி பீறிடுவதுபோல ஒரு சீறல். ஆள்காட்டி விரலில் கடி. கையை உதறினாள். தடித்த உடம்பில் வட்ட வட்டமாய்ப் புள்ளிகளோடு ஒன்று சோகைக்குள் நழுவிப் போனது. கண்ணாடி விரியன்.

ஓடி வந்த பெருமாள் துண்டைக் கிழித்து அவள் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். பிறகு அரிவாளை எடுத்தார், கீறி விஷத்தை இறக்க.

ஹெப்சியின் அம்மா நர்ஸ், அது சம்பூர்ணத்துக்கும் தெரியும். கட்டக் கூடாது, கீறக் கூடாது என்று வீட்டில் எத்தனையோ முறை சொன்னவள். ஆனால் இந்த வீட்டில் ஒரு முறை தன் பேச்சைக் கேட்க வைத்தது இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இதுவும் தப்பாகிவிட்டால்?

"அண்ணா, கட்ட அவுத்துடுங்க. கீறாதீங்க. கை செத்துடும்."

"உன் பேச்சக் கேட்டதெல்லாம் போதும்."

"அவுத்துடு. அந்தப் பொண்ணு அம்மா நர்சு" என்றாள் சம்பூர்ணம். பெருமாள் அரிவாளைக் கீழே போட்டார்.

பால்காரர் ஒருவரின் ஆட்டோவில் வேலூருக்கு ஒரு மணி நேரம். கை முழங்கை வரை வீங்கிவிட்டது. அணைக்கட்டு ஊர் தாண்டியதும் சம்பூர்ணத்தின் ஈறில் ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்துவிட்ட ஹெப்சியின் மனசில் வேறொரு பயமும் இருந்தது. சோகையைத் தூக்கச் சொன்னது யார் என்று இவள் தன் புருஷனிடம் சொல்லிவிடுவாளோ. அப்படி நினைத்ததற்கே அவளுக்குக் கூசியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்தார்கள். இருபது நிமிஷத்தில் உறைய வேண்டும். டாக்டர் குழாயைச் சாய்த்தார். தண்ணீர்போல ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க முடியும் என்றார்கள்.

வராந்தாவில் பெருமாள் சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டிருந்தார். ஹெப்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அக்கா தானா போய் கை வைக்கல. நான்தான் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஃபோட்டோவுக்கு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்கு இப்ப சொல்ற?" என்றார்.

"உங்களுக்குத் தெரியணும்ல."

"போ. போய் அந்தாண்ட உக்காரு."

போய் உட்கார்ந்தாள். ஜெபம் பண்ண ஆரம்பித்தால் பாதியில் அந்தச் சீறல் காதில் கேட்டது. யார் செருப்புச் சத்தம் வந்தாலும் எழுந்து நின்றாள். மாலை ஐந்தரைக்கு டாக்டர் குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். ரத்தம் அசையவில்லை, உறைந்து அடியிலேயே நின்றது. பெருமாள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் சம்பூர்ணம் வீடு திரும்பினாள். ஆள்காட்டி விரல் மடங்கவில்லை.

ஹெப்சி மறுவாரம் போனபோது சாம்பலைத்தான் பார்ப்போம் என்று நினைத்திருந்தாள். வரப்பை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் சோகை வாரப்பட்டிருந்தது, மற்றது அப்படியே கிடந்தது. நடக்கிற வழி வெறும் மண்.

"நெருப்பு வைக்கத்தான் போனேன்" என்றார் பெருமாள். "இவ விடல. மறுபடி புகையில இழுத்துக்கிட்டுக் கிடக்க என்னால ஆகாதுன்னுட்டா." பிறகு சொன்னார்: "மத்தவங்க கிட்ட சொல்றப்ப, மண்ணு, ஈரம் எல்லாம் அப்புறம். பூச்சிய மொதல்ல சொல்லு."

"சொல்றேண்ணா."

அடுத்து மூன்று ஊர்களில் அப்படித்தான் ஆரம்பித்தாள்: முழங்கால் பூட்ஸ், கையில் கம்பு, வெறுங்கையால் சோகையைத் தொடாதீங்க. இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான்கு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பேசி முடித்துக் கரும்புக் கொல்லைக்குள் அவளும் இறங்குவாள். கம்பால் தட்டி, நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள்.